ஃபுளோரிடாவின் ஊற்றுகளும் கடற்பசுக்களும்: காக்க வேண்டியது குளத்தையா, அதற்கு வரும் நீரையா?

நீர்மட்டம் எழுதியது:

மனாட்டீ எனப்படும் கடற்பசுக்களைப் பற்றி இக்குழுவில் அவ்வப்போது படங்கள் பகிரப்படுகின்றன. பேச்சு பெரும்பாலும் படகுகளின் வேகக் கட்டுப்பாட்டோடு நின்றுவிடுகிறது. படகுகள் மோதி இறப்பவை ஏராளம் என்பதில் ஐயமில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் 137 கடற்பசுக்கள் அவ்வாறு இறந்தன. ஆயினும் நிலத்தடி நீர்த் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில், அதைவிட அடிப்படையான ஒன்று பேசப்படாமல் போகிறது என்று எனக்குத் தோன்றுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கடற்பசு உருவத்தில் பெரியது. வளர்ந்தது மூன்று மீட்டர் நீளமும் ஐந்நூறு கிலோ எடையும் இருக்கும். ஆனால் திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல் குளிரைத் தடுக்கும் தடித்த கொழுப்பு அதற்கு இல்லை, உடலில் வெப்பம் உண்டாகும் வேகமும் குறைவு. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கி அப்படியே பல நாட்கள் நீடித்தால், அது உணவு உண்பதை நிறுத்துகிறது, குடல் இயக்கம் தளர்கிறது, தோலில் புண்கள் தோன்றுகின்றன, கடைசியில் இறந்துவிடுகிறது. 2010இன் கடுங்குளிரில் இவ்வாறு நூற்றுக்கணக்கானவை மடிந்தன. அவ்வாண்டின் மொத்த இறப்பு 766. ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரை அவற்றுக்கு வேண்டியது வெதுவெதுப்பான நீர். இயற்கையில் அதைத் தருபவை சுண்ணாம்புப் பாறை அடுக்கிலிருந்து ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 டிகிரியில் பொங்கி வரும் ஊற்றுகள்.

அந்த ஊற்றுகளைச் சுற்றி வேலி போட்டுப் பூங்காவாக அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஊற்றுக்கு வரும் நீரோ, பல மைல் தொலைவில் மணற்பாங்கான மேட்டு நிலங்களில் விழுந்து கீழிறங்கிய மழை. அந்த மேட்டு நிலத்தில் எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் உள்ளன, எத்தனை புல்தரைகளுக்கு உரம் இடப்படுகிறது என்பவைதாம் கடற்பசுவின் குளிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன. நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கேள்விக்குறி எழுதியது:

நல்ல இழை, ஐயா. சென்னையில் இருந்துகொண்டு கேட்கிறேன். தவறாக எண்ண வேண்டாம். ஊற்றின் நீர்வரத்து சற்றுக் குறைந்தால் என்ன ஆகிவிடும்? நீரின் வெப்பம் மாறப்போவதில்லையே? அதே 22 டிகிரி நீர் கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதானே?

நீர்மட்டம் எழுதியது:

இந்தக் கேள்விக்கு ஆர்லாண்டோவுக்கு வடக்கே ஆரஞ்சு சிட்டியில் உள்ள புளூ ஸ்பிரிங் ஊற்றை வைத்தே விடை சொல்லலாம். ஊற்றுக்கண்ணிலிருந்து செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஓடை ஒன்று உண்டு. குளிர்காலக் காலைகளில் ஓடையும் ஆறும் சேரும் இடத்தில் நின்று பார்த்தால் இரண்டு நீரும் தனித்தனியே தெரியும். ஆற்று நீர் இலைச்சாறு கலந்து தேநீர் நிறத்திலும், ஊற்று நீர் அடிமணல் தெரியும்படி வெளிர்நீலமாகவும் இருக்கும். கடற்பசுக்கள் அந்த எல்லைக்கு உட்புறத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஆற்றுப் பக்கத்தில் ஒன்றைக்கூடக் காண்பது அரிது.

கண்ணுக்குத் தெரியாதது அடியில் நடப்பது. குளிர்ந்த ஆற்று நீர் கனமானது என்பதால், ஊற்று நீரின் தள்ளுவிசை குறையும்போது அது ஓடையின் தரையை ஒட்டி ஆப்புபோல் உள்ளே நுழைகிறது. மேலே வெதுவெதுப்பான நீர் மெல்லிய படலமாகத்தான் மிஞ்சும். கடற்பசு முழுவதும் மூழ்கிப் படுக்க ஏறத்தாழ ஐந்து அடி ஆழத்துக்கு வெதுவெதுப்பான நீர் வேண்டும். படலத்தில் அது படுக்க முடியாது. ஆக, நீர்வரத்து குறையும்போது வெப்பம் அதே 22 டிகிரிதான், படுக்க இடம்தான் சுருங்குகிறது.

மேட்டூரின் நீர்வரத்தை நாள்தோறும் செய்தித்தாளில் பார்த்து வளர்ந்த நமக்குக் கன அடிக் கணக்கு புதிதன்று. செயின்ட் ஜான்ஸ் ஆற்று நீர் மேலாண்மை மாவட்டம் 2006இல் இந்த ஊற்றுக்குக் குறைந்தபட்ச நீரோட்டம் ஒன்றை விதியாக்கியது. அதன்படி நீண்டகாலச் சராசரி வினாடிக்கு 133 கன அடியில் தொடங்கி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை படிப்படியாக உயர்ந்து, 2024 ஏப்ரலுக்குப் பிறகு 157 கன அடியாக இருக்க வேண்டும். பெருகிவரும் கடற்பசுக்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த இடத்துக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று பின்னோக்கி வந்து இந்த எண்ணை வைத்தார்கள். ஒரு விலங்கின் படுக்கை அளவை வைத்து நகரங்களின் குடிநீர்க் கிணறுகளுக்கு வரம்பு கட்டியது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செயல்.

பயனும் தெரிகிறது. 1970இல் முதன்முதலாக முறைப்படி எண்ணியபோது அங்கே இருந்தவை 11. மாநில அரசு 1972இல் அந்நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கியது. 2024 ஜனவரி 21 அன்று ஒரே காலையில் 932 எண்ணப்பட்டன.

கரையோரன் எழுதியது:

எண்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் 11 எங்கே, 932 எங்கே? இவ்வளவு பெருகிய பிறகும் எந்நேரமும் அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருப்பது சரியா என்று கேட்க வேண்டியுள்ளது. 2017இல் கூட்டாட்சி அரசே இதை 'அழியும் நிலை'யிலிருந்து ஒரு படி இறக்கி 'அச்சுறுத்தலுக்குள்ளான' இனமாக மாற்றிவிட்டது. மாநிலத்தின் 2021–22 மதிப்பீடு 8,350 முதல் 11,730 வரை என்கிறது. நான் பலாட்கா பக்கம் மீன்பிடிப்பவன். ஒவ்வொரு விதியும் எங்கள் படகின் மேல்தான் வந்து விழுகிறது.

நீர்மட்டம் எழுதியது:

படகுக்காரர்களின் மனக்குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் 2017இல் படி இறக்கப்பட்ட அதே இனத்தில் 2021ஆம் ஆண்டு 1,100 விலங்குகளும் 2022இல் 800 விலங்குகளும் இறந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவற்றில் பல பட்டினிச் சாவுகள். படகுகளுக்கு அதில் பங்கு சிறிது.

கிழக்குக் கரையின் இந்தியன் ரிவர் காயலில் நடந்தது அது. பல்லாண்டுகளாகச் செப்டிக் டேங்குகளிலிருந்தும் புல்தரை உரங்களிலிருந்தும் மழைநீர் வடிகால்களிலிருந்தும் நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் சேர்ந்தன. 2011இல் மாபெரும் பாசிப் பெருக்கு ஏற்பட்டு நீர் கலங்கியது. வெளிச்சம் தரைக்குப் போகாமல் கடற்புல் கருகியது. 2009ஆம் ஆண்டு அளவோடு ஒப்பிட்டால் பாதிக்கும் மேற்பட்ட புல்வெளி அழிந்துபோயிற்று. அந்தப் பகுதியில் கடற்பசுக்கள் ஒதுங்கத்தக்க பெரிய ஊற்று எதுவும் இல்லை. கேப் கனாவரலில் உள்ள மின் நிலையம் வெளியேற்றும் குளிர்விப்பு நீரே அவற்றின் புகலிடம். வெப்பம் இங்கே, உணவு எங்கோ தொலைவில் என்ற நிலை வந்தபோது அவை பசியோடு வெப்பத்திலேயே தங்கின. குளிரில் வெளியே போனால் சில நாட்களில் சாவு, உள்ளேயே கிடந்தால் சில வாரங்களில் சாவு.

2021–22 குளிர்காலத்தில் அதே மின் நிலையத்தருகே மாநில, கூட்டாட்சி வனவுயிர்த் துறைகள் இரண்டு லட்சம் பவுண்டு லெட்டூஸ் கீரையை நீரில் கொட்டி உணவளித்தன. அடுத்த குளிர்காலத்தில் அளவு ஏறத்தாழ இரு மடங்கானது. உயிர்களைக் காக்க வேறு வழி இல்லாதபோது செய்த வேலை அது. குறை சொல்ல மாட்டேன். கீரை கொட்டி ஒரு காயலை மீட்க முடியாது என்பதும் அத்துறையினருக்கே நன்றாகத் தெரியும்.

கேள்விக்குறி எழுதியது:

மின் நிலையத்தின் வெந்நீர் இப்படி உதவுகிறது என்றால், அதையே நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாமே? ஊற்றுகளுக்காக நகரங்களின் குடிநீரில் கைவைக்க வேண்டிய தேவை என்ன?

துடுப்பு எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். ஃபுளோரிடாவின் கடற்பசுக்களில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு குளிர்காலத்தில் மின் நிலைய நீரையே நம்பியிருக்கின்றன. தாம்பாவுக்குத் தெற்கே பிக் பெண்ட், தென்கிழக்கில் ரிவியரா பீச், மேலே சொல்லப்பட்ட கேப் கனாவரல் எல்லாம் அவ்வகையே. இவை கடற்பசுவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. மின்சாரம் தயாரிக்கும் முறை மாறும் நாளில் இவற்றின் வெந்நீர் நின்றுவிடும். கேப் கனாவரலிலும் ரிவியராவிலும் பழைய நிலையங்களை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, இடைக்காலத்தில் நீரைச் சூடாக்கத் தனியே ஹீட்டர்கள் வைக்க வேண்டியிருந்தது.

சிக்கல் என்னவென்றால், குளிர்காலப் புகலிடத்தைக் கன்று தாயிடமிருந்து கற்றுக்கொள்கிறது. தாயோடு ஓரிரு ஆண்டுகள் சுற்றும் காலத்தில் மனத்தில் பதிந்த இடத்துக்கே அது வாழ்நாள் முழுவதும் திரும்பி வருகிறது. வெந்நீர் நின்றபோதும் அங்கேயே காத்துக் கிடக்கும் இயல்புடையது. 'நாளை முதல் ஊற்றுக்குப் போ' என்று யாரும் அதற்குச் சொல்ல முடியாது. ஆகவே மின் நிலையங்கள் மூடப்படுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே ஊற்றுகளுக்குப் போகும் வழிகள் திறந்திருக்க வேண்டும், ஊற்றுகளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

நான் குளிர்காலங்களில் கிறிஸ்டல் ரிவர் ஊரின் கிங்ஸ் பே விரிகுடாவில் கயாக் படகில் தன்னார்வலனாக இருப்பவன். எழுபதுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் அந்த ஒரு விரிகுடாவுக்குள் உள்ளன. அவற்றுள் பேர்பெற்ற திரீ சிஸ்டர்ஸ் ஊற்றைச் சுற்றிய 57 ஏக்கர் நிலம் வீட்டுமனைகளாகப் போகவிருந்தது. 2010இல் பொதுப்பணத்தில் வாங்கி, வனவுயிர்ப் புகலிடத்தோடு சேர்த்துவிட்டார்கள். கடுங்குளிர் நாட்களில் அந்த ஊற்றுக்குள் மனிதர் நுழையத் தடை உண்டு. எங்கள் வேலை மிதவைக் கயிற்றுக்கு வெளியே நின்று, உறங்கும் விலங்கை யாரும் தொட்டு எழுப்பாமல் பார்த்துக்கொள்வது. ஒருமுறை எழுப்பப்பட்ட கடற்பசு குளிர்நீருக்குள் ஓடிப்போனால் திரும்பி வர நேரமாகும். அதற்குள் அது இழக்கும் வெப்பம் எளிதில் ஈடுசெய்ய முடியாதது.

கரையோரன் எழுதியது:

ஊற்றுகளுக்குப் போகும் வழிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்து ராட்மன் அணையை உடைக்கச் சொல்லப் போகிறீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

நீர்மட்டம் எழுதியது:

சரியாகவே எதிர்பார்த்திருக்கிறீர்கள், நண்பரே. அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஃபுளோரிடாவைக் குறுக்கே வெட்டிக் கப்பல் கால்வாய் அமைக்கும் திட்டத்தின் ஒரு பகுதியாக, ஆக்லவாஹா ஆற்றின் குறுக்கே 1968இல் அந்த அணை கட்டி முடிக்கப்பட்டது. மார்ஜரி ஹாரிஸ் கார் தலைமையில் எழுந்த எதிர்ப்பின் விளைவாகக் குடியரசுத் தலைவர் நிக்சன் 1971 ஜனவரியில் கால்வாய்ப் பணியை நிறுத்தினார். கால்வாய் போயிற்று, அணை மட்டும் நின்றுவிட்டது. எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையை அது ஒருநாளும் செய்ததில்லை.

அந்த அணையின் பின்னால் பதினாறு மைல் ஆறும், இருபது வரையிலான ஊற்றுகளும் மூழ்கிக் கிடக்கின்றன. களைகளை ஒழிக்க மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீர்மட்டத்தை இறக்கும்போது, செத்த மரக்கட்டைகளுக்கு நடுவே அந்த ஊற்றுகள் சில வாரங்கள் மட்டும் தெளிவாக ஓடுவதைக் காணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, செயின்ட் ஜான்ஸ் ஆற்றிலிருந்து சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற மாபெரும் ஊற்றுத்தொகுதிக்குக் கடற்பசுக்கள் செல்லும் வழி அங்கே அடைபட்டுள்ளது. படகுகளை ஏற்றி இறக்கும் பூட்டுமதகு வழியே ஒன்றிரண்டு தப்பிப் போய்ச் சேர்வதுண்டு. மதகுக் கதவுகளில் நசுங்கி இறந்தவையும் உண்டு.

கரையோரன் எழுதியது:

நீங்கள் சொன்னவற்றில் தவறில்லை. சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அந்த ஏரி உருவாகி அரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. பாஸ் மீன் பிடிப்பதற்காக நாடெங்கிலுமிருந்து வருபவர்களை நம்பித் தூண்டில் கடைகளும் சிறு விடுதிகளும் இருக்கின்றன. பட்னம் கவுண்டி பணக்கார மாவட்டமன்று. 'ஆறு மீண்டால் சுற்றுலா வளரும்' என்கிறார்கள். இன்று கையில் இருக்கும் வருமானத்தை விட்டுவிட்டு, வரக்கூடும் என்ற வருமானத்துக்காகக் காத்திருக்கச் சொல்வது எளிது, காத்திருப்பவன் வயிறு வேறு. அணையை அகற்றுபவர்கள் முதலில் இந்த மக்களுக்கு என்ன வழி என்று எழுத்தில் தரட்டும். மேலும், சில்வர் ஸ்பிரிங்ஸின் நீர்வரத்தே பழைய அளவில் இல்லை என்று நீங்களே முன்பு ஒரு இழையில் எழுதியிருக்கிறீர்கள். நீரைக் குறைய விட்டுவிட்டு வழியை மட்டும் திறந்து என்ன பயன்?

நீர்மட்டம் எழுதியது:

கடைசிக் கேள்வி என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது என்பதால் அதை முழுமையாக ஏற்கிறேன். சில்வர் ஸ்பிரிங்ஸின் நீர்வரத்து கணிசமாகக் குறைந்தது உண்மை. மழைக்குறைவுக்கும் நிலத்தடி நீர் எடுப்புக்கும் அதில் பங்கு உண்டு. வழியையும் நீரையும் சேர்த்தே மீட்க வேண்டும். ஒன்று இல்லையென்பதற்காக மற்றதைத் தள்ளிப்போட்டால் இரண்டும் நடவாது. குறைந்துபோன நிலையிலும் பனிக்காலத்தில் நூற்றுக்கணக்கான கடற்பசுக்களுக்கு இடம் கொடுக்கத்தக்க நீர் அங்கே வருகிறது. தூண்டில் கடைக்காரர்களுக்கு எழுத்துப்பூர்வமான ஏற்பாடு வேண்டும் என்பதில் உங்கள் பக்கமே நிற்கிறேன். அணை அகற்றும் திட்டத்தின் செலவில் முதல் வரியாகவே அது இருக்க வேண்டும்.

பாக்விரிகுடா எழுதியது:

நான் இராமநாதபுரம் பகுதியைச் சேர்ந்தவன். கடல் உயிரியல் படிக்கிறேன். நம் கடலில் வாழும் டூகாங் எனப்படும் ஆவுளியாவும் இந்தக் கடற்பசுவும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவினங்கள். ஆவுளியா ஆற்றுக்குள் வருவதில்லை, பாக் விரிகுடாவில் குளிர்ச் சிக்கலும் இல்லை. ஆயினும் கடற்புல் இருவர்க்கும் பொது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது. எல்லைக்கோடு வரைந்ததோடு நில்லாமல் அதில் வந்து கலக்கும் கழிவுநீரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு மேலே சொன்ன காயல் நல்ல எச்சரிக்கை. அழிந்த புல்லை மறுபடி நட்டு வளர்க்க முடிகிறதா என்பதை அறிய ஆவல்.

துடுப்பு எழுதியது:

ஓரளவு முடிகிறது, தம்பி. கிங்ஸ் பேயில் நான் கண்டதைச் சொல்கிறேன். அங்கே லிங்பியா என்ற நீலப்பசும்பாசி தரை முழுவதும் கருங்கூந்தல்போல் படர்ந்திருந்தது. வாயுக் குமிழிகள் நிறைந்து பாய் பாயாக மேலே மிதந்து வரும், துர்நாற்றம் தாங்காது. முதலில் ஊர்மக்களே வாரிகளால் இழுத்துக் கரையேற்றினார்கள். 2015 முதல் மூழ்காளர்களைக் கொண்டு தரையிலிருந்து உறிஞ்சி எடுத்து, அவ்விடத்தில் வாலிஸ்நேரியாப் புல்லை நடுகிறார்கள். நட்ட புல்லைக் கம்பிவலைக் கூண்டால் மூடிவைக்க வேண்டும், இல்லையென்றால் வேர் பிடிக்கும் முன்பே கடற்பசுக்கள் மேய்ந்துவிடும். கூண்டை எடுத்த பிறகு மேய்ந்தாலும் வேர்த்தண்டிலிருந்து மீண்டும் தழைக்கிறது. பாசி அகன்ற இடங்களில் மூடிக் கிடந்த ஊற்றுக்கண்கள் மறுபடி திறந்துகொண்டதையும் பார்த்தோம்.

ஒரு எச்சரிக்கை. இது செலவு மிகுந்த வேலை; நைட்ரேட் வருவது நிற்காவிட்டால் பாசி திரும்பிவரும். ஊற்றுகளுக்கு மாநிலம் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.35 மில்லிகிராம் நைட்ரேட். பல ஊற்றுகள் அதை எப்போதோ தாண்டிவிட்டன.

சிட்ரஸ்வாசி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்டல் ரிவருக்குக் கிழக்கே செப்டிக் டேங்க் உள்ள வீட்டின் உரிமையாளன் நான். 2016இல் வந்த ஊற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் பேரில் எங்கள் தெருவையும் கழிவுநீர்க் குழாயில் இணைக்கும்படி சொல்கிறார்கள். மானியம் போகவும் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகை எங்களைப் போன்ற ஓய்வுபெற்றோருக்குச் சிறிதன்று. ஒரு வீட்டின் டேங்கால் ஊற்று கெடுகிறது என்பதை நம்புவதும் கடினமாக இருக்கிறது. விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நீர்மட்டம் எழுதியது:

உங்கள் தயக்கம் நியாயமானது. செப்டிக் டேங்க் சரியாக வேலை செய்தாலும் நைட்ரஜனை அது முழுவதும் நீக்குவதில்லை. கிருமிகளையும் திடக்கழிவையும் கையாள்வதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது. களிமண் நிலமாக இருந்தால் மண்ணிலேயே பெரும்பகுதி நைட்ரஜன் தங்கிச் சிதையும். உங்கள் பகுதியிலோ மேலே மணல், கீழே துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. டேங்கிலிருந்து வெளியேறும் நீர் தடையின்றி நிலத்தடி நீரோடு கலந்து ஊற்றை நோக்கி நகர்கிறது. ஒரு வீட்டின் அளவு சிறிதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே ஊற்றின் நீர்ப்பிடிப்புக்குள் உள்ளன. அந்தச் சட்டம் புதிய டேங்குகளுக்கு, முன்னுரிமைப் பகுதிக்குள் ஒரு ஏக்கருக்குக் குறைந்த மனைகளில், கட்டுப்பாடு வைத்ததும் இதனால்தான்.

செலவைப் பற்றி ஒன்று சொல்வேன். முழு இணைப்புக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கேட்டால், கவுண்டியிடம் பல ஆண்டுத் தவணையாகக் கட்ட வழியுண்டா என்று எழுத்தில் கேளுங்கள். குழாய் உங்கள் தெருவுக்கு வர ஆண்டுகள் ஆகுமென்றால், நைட்ரஜனைக் குறைக்கும் மேம்பட்ட டேங்க் அனுமதிக்கப்படுகிறதா என்றும் விசாரியுங்கள். குழாய் வரும்வரை செய்யக்கூடியது புல்தரை உரத்தை நிறுத்துவது. அதற்குப் பணம் செலவாகாது, மிச்சமாகும். பல கவுண்டிகளில் மழைக்காலத்தில் உரமிடத் தடையே உள்ளது, உங்கள் கவுண்டியின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையோரன் எழுதியது:

புல்தரை உரத்தை நிறுத்துவதற்கு என் முழு ஆதரவு. பாசி பிடித்த நீரில் எனக்கும் மீன் கிடைப்பதில்லை. ராட்மன் அணையைப் பொறுத்தவரை என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. அடுத்த முறை நீர்மட்டத்தை இறக்கும்போது அந்த ஊற்றுகளைப் பார்க்க வருவதாக இருந்தால் படகு என்னுடையது, எரிபொருள் உங்களுடையது.